காக்கி நுழையாத வீடு

ஆம்பூர்
கார்த்திகை கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புக் குழலிக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே டப்ளின் குளிருக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பா இப்போது ராத்திரியில் தூங்குகிறார், காலையில் எழுந்து வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார், நானும் வேலைக்குப் போய் வருகிறேன். நாங்கள் சௌக்கியம் என்று ஒரே வரியில் எழுதி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு தாள். பயப்படாதே, எல்லாம் நடந்து முடிந்த விஷயம், அவசரம் எதுவும் இல்லை. வேலை முடித்து ரூமுக்கு வந்து, ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடலாம் என்றால் இங்கே ஒரே கூடம், ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். வீட்டைப் பற்றி ஸ்டேஷனில் பேச முடியாது, ஸ்டேஷனைப் பற்றி வீட்டில் பேச முடியாது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது பஸ் ஸ்டாண்டு மட்டும்தான், அங்கே நின்று இதையெல்லாம் பேச எனக்கு மனசு வரவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ ரிப்போர்ட் எழுதுவது போல இருக்கும். பருப்புப் பொடி பார்சலோடு இதுவும் வரும். விஷயம் இதுதான். பொங்கலுக்கு நீ கூப்பிடும்போது அப்பா உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறார். அடுத்த முறை அவருக்கு மனசு சரியில்லாமல் போனால், அவர் சார்பில் டாக்டரிடம் பேசுவது யார், ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது யார் என்பது பற்றி. அவர் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் நியாயமாக யோசிக்க முடியாது, என்னாலும் முடிந்ததில்லை. அதற்கு முன்னால் யோசிக்க உனக்கு இரண்டு வாரமாவது கிடைக்க வேண்டும் என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். நம் தெருவைக் குழாய் போடுவதற்காகத் தோண்டிப் போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள், மழை வந்தால் முனவ்வர் பேகம் வீட்டு வாசலில் இறங்கி நம் வீட்டு வாசலில் ஏற வேண்டியிருக்கிறது. அவர் மகள் அஃப்ஷாவை ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், இப்போது அவள் பஸ்ஸில் இருந்து இறங்கி நடக்கிற நடையே வேறு. பேகம் அக்கா உன்னை எப்போதும் விசாரிப்பார், உன் கல்யாணத்துக்கு அவர்தான் சமைப்பாராம், வெளியில் யாரையும் விட மாட்டாராம். அயர்ன்காரர் கடையை மூடிவிட்டுத் திருப்பத்தூர் பக்கம் மகனோடு போய்விட்டார், அதனால் என் யூனிஃபார்மை இப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டில் கொடுக்கிறேன். நம் வீட்டு ஏற்பாடு இன்னும் மாறவில்லை, காலையில் புடவையில் கிளம்பி, ஸ்டேஷன் ஓய்வறையில் காக்கி மாற்றி, சாயந்திரம் மறுபடி புடவைக்கு மாறித்தான் வீட்டுக்கு வருகிறேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துவைக்கக்கூட ஒரு காக்கிச் சட்டை உள்ளே வந்ததில்லை. ஸ்டேஷனில் இருப்பவர்கள், பாக்யம் மேடத்துக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வர வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் நாம் இருந்தபோது நீ பத்தாவது படித்தாய், அந்தச் சாயந்திரத்தை நீயும்தானே பார்த்தாய். அப்பா மெயின் ரோட்டில் தோல் லாரிகளை நிறுத்தி மேலே ஏறி, கம்பெனியில் தரம் பிரிக்கிற மாதிரியே ஒவ்வொரு தோலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது, வந்த போலீஸ்காரர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்து முழங்காலுக்குக் கீழே அடித்தது, அவர் பெல்ட்டையே உருவி அவர் கையைப் பின்னால் கட்டியது. நான் பந்தோபஸ்துக்குப் போயிருந்த இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்தேன். அவர் தலை நிமிர்ந்து பார்த்தபோது அவரைச் சுற்றி நாலைந்து காக்கி, அதில் ஒன்று நான். அவிழ்க்கச் சொல்லிக் கத்தியது நான்தான், ஆனால் அவருக்குக் கேட்டது சத்தம் மட்டும், தெரிந்தது சட்டை மட்டும். உடம்பு தேறி வந்த பிறகும் அந்தக் காட்சி அவருக்குள் அப்படியே நின்றுவிட்டது. என்னோடு சிரிப்பார், சாப்பிடுவார், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். ஆனால் ஏதாவது ஒரு பயம் வந்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பார், கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற பார்வை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஆடி மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள், சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில், மூன்று நாள். மனநலம் பாதித்தவர்களைப் பற்றிப் போன் வந்தால் போலீஸ் எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று. நாங்கள், தீயணைப்பு ஆட்கள், 108 ஊழியர்கள், எல்லோரும் கலந்து உட்கார்ந்தோம். எங்கள் ஸ்டேஷனிலிருந்து நானும் பிரேம்நாத் என்கிற கான்ஸ்டபிளும். அவன் உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன் இருப்பான், வாய் ஓயாது. முதல் நாள் முழுக்க என் காதருகே, "இதுக்கு இன்னா மேடம் மூணு நாள் கிளாஸு, ரெண்டு தட்டு தட்டினா தானா ஜீப்ல ஏறுவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். சொல்லிக்கொடுக்க வந்த டாக்டர் ஜோசுவா அவனையே எழுப்பிக் கேட்டார், "உங்களுக்கு நூத்தி நாலு காய்ச்சல் இருக்கறப்ப நான் வந்து ரெண்டு தட்டு தட்டினா காய்ச்சல் எறங்குமா தம்பி?" என்று. மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் குனிந்து எழுத ஆரம்பித்தவன்தான், மூன்றாம் நாள் என் பேனாவையும் வாங்கிக்கொண்டான். சைரனை நிறுத்திவிடுங்கள், கூட்டத்தை முதலில் கலைத்துவிடுங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள், கை இரண்டும் தெரிகிற மாதிரி நில்லுங்கள், அவர் சொல்வதைப் பொய் என்றும் சொல்லாதீர்கள் உண்மை என்றும் சொல்லாதீர்கள், தொப்பி லத்தி பெல்ட் எதுவும் உடம்பில் வேண்டாம். ஒவ்வொன்றும் கேட்கக் கேட்க ராணிப்பேட்டையை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சின்ன விஷயங்கள், இதை அன்றைக்கு அந்த ரோட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் என்று.

கடைசி நாள் நடித்துக் காட்டச் சொன்னார்கள். பிரேம்நாத் போலீஸ், நான் நோயாளி. நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேசைவிரிப்பை உருவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவிக்கொண்டே வந்தேன். இது உண்ணி கடிச்சது, இது முள்ளு கீறினது, இங்க கத்தி பட்டுக்குது, இது ரிஜெக்ட்டு, என்று அவர் குரல் என் வாயிலிருந்து வந்தது. முதலில் சிரித்தார்கள், முடிந்ததும் கை தட்டினார்கள். பிரேம்நாத், "மேடம், நீங்க சீரியலுக்குப் போனா ஊரே அழுவும்" என்றான். டீ குடிக்கும்போது டாக்டர் ஜோசுவா என் பக்கத்தில் வந்து நின்று, வீட்டில் யாருக்கு என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கும் இல்லை சார், ஒரு கேஸில் பார்த்தது என்றேன். "நோயாளியா நடிக்கிறவங்க எல்லாரும் துணியை வீசுவாங்க மேடம். நீங்க கடைசியில மடிச்சு வெச்சீங்க" என்றார். தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போது அந்தச் சீட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை குழலி, பையில் வைத்தால் வீட்டில் அப்பா பார்ப்பார், சட்டைப்பையில் வைத்தால் ஸ்டேஷனில் யாராவது பார்ப்பார்கள். நம்பரை மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

திரும்பி வந்ததும் எங்கள் இன்ஸ்பெக்டர் மோகனா மேடம் இந்த மாதிரிப் போன் எது வந்தாலும் பாக்யலட்சுமிதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் எனக்கு மென்டல் மேடம் என்று பெயர் வைத்தார்கள், முகத்துக்கு நேராகவே. நான் போனேன், நன்றாகவும் செய்தேன். நெமிலிப் பக்கத்திலிருந்து வழி தவறி வந்து பஸ் ஸ்டாண்டில் யாரையும் கிட்டே விடாமல் கல்லோடு நின்ற ஒரு பெண்ணை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசிப் பேசியே வண்டியில் ஏற்றினேன், போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். மாத்திரையை விட்டுவிட்டாரோ என்று ஆவணியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் அவருக்குக் கை நடுங்குகிறது, தரம் பிரிக்கிற மேசையில் விரல்தான் எல்லாம், தோலில் மேடு எங்கே பள்ளம் எங்கே என்று விரல் சொல்ல வேண்டும். நடுக்கத்தில் ஒன்றும் தெரியாமல் நல்ல தோலைக் கழித்திருக்கிறார், கம்பெனியில் நாலு பேர் எதிரில் பேச்சு வாங்கியிருக்கிறார். அதனால் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டவும் எனக்குத் தெரியும், என் வீட்டில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்க முடியவில்லை. கேட்டால் அது பெண்டாட்டி கேட்பது ஆகாது, விசாரணை ஆகிவிடும். ஒரு தடவை கேட்டேன், "ஸ்டேட்மென்ட் எழுதிக்கறியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து ராத்திரி தூங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயந்திரம் அது நடந்தது. அஃப்ஷா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, அப்பா நம் வீட்டுப் போர்வை, வேட்டி, உன் பழைய சுடிதார் எல்லாவற்றையும் தெருவில் வரிசையாக விரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கைக்குக் கீழே அவளுக்கு ஒரு சூட்டுத் தழும்பு உண்டல்லவா, அதையே தடவித் தடவி, "இந்தத் தோலைக் கெடுத்தது யாரு சொல்லு, நான் கேக்கறேன், யாரு பண்ணது" என்று விடாமல் கேட்டிருக்கிறார். அவள் பயந்து அழுதாள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களும் குழாய் தோண்டுகிற ஆட்களும் கூடி, பொம்பளைப் பிள்ளை கையைப் பிடிக்கிறான் என்று கட்டையைத் தூக்கிவிட்டார்கள். பேகம் அக்கா நடுவில் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்திருக்கிறார், நான் அப்போது ஒரு விசாரணையில் இருந்தேன், போனை மேசையில் வைத்திருந்தேன். பிறகு நூறுக்கு அடித்துவிட்டார். அதற்காக இன்றைக்கும் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். "அவங்க கையில கட்டை இருந்துச்சு பாக்யம், அடிச்சிருந்தா ஜாஸ்தி பேஜார் ஆயிருக்கும், போலீஸ் வந்தா அடியாவது நிக்கும்னு பண்ணேன்" என்று அழுதார். அவர் செய்தது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கண்ட்ரோல் ரூம் சொன்னதைப் பிரேம்நாத் போனில் வாங்கிக்கொண்டு, கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "மேடம், உங்க டிபார்ட்மென்ட்டு. ஐம்பது வயசு ஆளாம், போற வர்றவங்களைப் புடிச்சுத் தடவறாராம்" என்று சொல்லிக்கொண்டே தெருப் பெயரையும் அடையாளத்தையும் சொன்னான். சொல்லச் சொல்ல, "இது உங்க தெரு மாதிரி கீதே" என்றான். அது என் வீடு பிரேம், அவர் என் வீட்டுக்காரர் என்றேன். இத்தனை வருஷம் மறைத்தது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மோகனா மேடம் உள்ளேயிருந்து வந்து, "ஜீப்பை எடுங்க, சைரன் வேணாம்" என்று மட்டும் சொன்னார். நான் காக்கியில் இருந்தேன். புடவை மாற்றினால் அதற்குள் யாராவது அவரை அடித்துவிடுவார்கள், மாற்றாமல் போனால் அவர் பார்ப்பது மறுபடியும் அதே காட்சி. ஜீப்பில் ஏறினேன், ஏறும்போதே என்னால் இறங்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

தெருமுனையில் ஜீப் நின்றது. மோகனா மேடம் கூட்டத்தை அந்தப் பக்கம் நகர்த்தினார். பிரேம்நாத் தொப்பியையும் லத்தியையும் என் மடியில் வைத்துவிட்டுத் தனியாகப் போனான். நான் ஜீப்புக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை இரண்டையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, தள்ளி நின்று, அண்ணே என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தான். சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா அஃப்ஷாவின் கையை விட்டுவிட்டார். ஏதோ பதில்கூடச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது பிரேம்நாத்துக்குத் தன் இடுப்பில் பெல்ட் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. பெல்ட் உடம்பில் வேண்டாம் என்று டாக்டர் சொன்னாரே என்று, அங்கேயே, அப்பா கண் எதிரில் நின்றுகொண்டு கொக்கியைக் கழற்றி உருவினான். ஒரு போலீஸ்காரன் எதிரில் நின்று பெல்ட்டை உருவினால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான் குழலி. அப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார், அடுத்த நிமிஷம் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பிரேம்நாத் கையில் பெல்ட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தான், என்ன தப்பு செய்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

பேகம் அக்கா ஜீப் பக்கம் ஓடி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், அவருக்குத்தான் நம் வீட்டு ஏற்பாடு எல்லாம் தெரியுமே. தான் போட்டிருந்த புர்காவை முன்பக்கப் பொத்தானைக் கழற்றி உருவி என் மேல் போட்டு, "இதைப் போட்டுக்கினு போ, காக்கி தெரியாது" என்றார். நான் அதை மாட்டிக்கொண்டு இறங்கி, நம் வீட்டு ஜன்னல்கிட்டப் போனேன். ஜன்னல் கதவு பாதி திறந்திருந்தது. "யாரு, பேகம் அக்காவா" என்றார். நான்தாங்க பாக்யம் என்றேன். தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார், கண் கால்கிட்ட வந்து நின்றது. "மேல எதை வேணாலும் போத்திக்கோ பாக்யம், கீழ ஷூ தெரியுது" என்றார். அந்தப் பிரவுன் ஷூவை நான் மறந்தே போனேன். தோல் விஷயத்தில் அவரை யார் ஏமாற்ற முடியும். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மேசையில் ஒரு தோலைத் திருப்பிப் போடுகிற மாதிரி, "குழலி இருந்தா தொறப்பேன். உனக்குத் தொறக்க மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். பிரேம்நாத்தான் மெதுவாக வந்து ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்தான். "அண்ணே, அடிக்கிறதுக்குக் கழட்டலண்ணே, உங்க எதிர்ல போட்டுக்கினு நிக்கக்கூடாதுன்னு கழட்டினேன், இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று பெல்ட்டைச் சுருட்டி ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அப்பா குரல் கேட்டது, "எங்க வாங்குன இத?" கடையில் என்றான். "இது முழுத்தோல் இல்லடா, அடிப்பக்கத்து ஸ்ப்ளிட்டு, மேல கோட்டிங் அடிச்சு ஏமாத்திக்கிறான்." பொங்கல் வரைக்குமாவது தாங்குமா அண்ணே என்றான் அவன். "கொக்கி தாங்கும்" என்றார் அப்பா. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்படியே பேசிப் பேசி, கை நடுங்குவதைப் பற்றியும் தூக்கம் வராததைப் பற்றியும் அவனிடம் சொன்னார், என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை. ஆஸ்பத்திரிக்கு வரேன், ஆனால் பெல்ட் என் கையில்தான் இருக்கும், அவ வரக்கூடாது, என்று இரண்டு நிபந்தனை போட்டார். பிரேம்நாத் என்னைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன். 108 வந்தது, யாரும் அவரைத் தொடவில்லை, அவரே ஏறினார். பிரேம்நாத் ஒரு பக்கம், பேகம் அக்கா ஒரு பக்கம், துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, அவர் புர்கா என் மேல் இருந்ததால். வண்டி போன பிறகு நான் தெருவில் விரித்திருந்த போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்தேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு அடி விழவில்லை, ஒரு கயிறு இல்லை. அஃப்ஷா மறுநாளே வந்து அப்பாவைப் பற்றி, "செல்வம் அண்ணன் என் தழும்புக்காக யாரையோ அடிக்கப் போனாரு, என்னை இல்ல" என்று தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் ஜோசுவா என்னிடம் பழைய பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கை நடுங்காத வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அடுத்த பயிற்சியில் பெல்ட்டை ஜீப்பிலேயே கழற்ற வேண்டும் என்று சேர்த்துவிட்டாராம். மோகனா மேடம் என்னை அந்தப் பயிற்சியில் போய் இந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார், குடும்பமாகவும் போலீஸாகவும் இருக்கிறவர் சொன்னால் மனசில் பதியும் என்கிறார். மறைக்க வேண்டியதில்லை என்று ஆனது நிம்மதி என்று நினைத்திருந்தேன், இப்போது மண்டபத்துக்கு மண்டபம் அதைச் சொல்லிக் காட்டுவது என் வேலையாகிவிட்டது. மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, அந்த மூன்று நாள் இல்லாவிட்டால் பிரேம்நாத் படியில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

அப்பா தேறி வந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார், இப்போது இருக்கிற சட்டப்படி, நன்றாக இருக்கும்போதே, தனக்காகப் பேச வேண்டியவர் யார் என்று நோயாளியே எழுதிக் கொடுக்கலாம், அந்த ஆளும் சம்மதிக்க வேண்டும், பொங்கல் கழித்து வரும்போது முடிவு சொல்லுங்கள் என்று. அப்பா யோசிக்கவே இல்லை. உன் பெயரைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமல் டாக்டரிடமே, "இவ நல்லவதான் சார், என்னை நல்லாத்தான் பாத்துக்கறா. ஆனா போலீஸு" என்றார். வேலையை விட்டுவிடலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். விட்டால் மட்டும் என்ன, வேலையை விட்ட போலீஸ் என்றுதான் பார்ப்பார். கழற்றி வைக்க முடிந்ததையெல்லாம் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் கழற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி நீ யோசிக்க வேண்டியது. சம்மதம் என்று சொன்னால், நீ எங்கே இருந்தாலும், வேலையில் இருந்தாலும், நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தாலும், இந்தத் தெருவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒரு போன் வரலாம், நீ சொல்கிற வார்த்தைக்காக ஒரு டாக்டர் காத்திருப்பார். உன்னை அவ்வளவு தூரம் அனுப்பியது நான்தான், இந்த வீட்டின் சத்தம் கேட்காத இடத்தில் நீ தூங்க வேண்டும் என்று. இப்போது அந்தச் சத்தத்தை நானே பார்சலில் வைத்து அனுப்புகிறேன். முடியாது என்று சொன்னால், வரிசையில் அடுத்து இருப்பது நான். அப்போது நான் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அவருக்கு அது ராணிப்பேட்டை ரோடுதான். உனக்காக, நீ முடியாது என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவருக்காக, சரி என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எது பெரிய ஆசை என்று என்னைக் கேட்காதே, இந்த மேசையில் எத்தனையோ மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் நீ என் மகள்தான், அவர் மகள்தான், அதில் ஒன்றும் குறையாது. ஒன்றே ஒன்று, சம்மதமோ இல்லையோ, உன் வாயால் அவரிடமே சொல். என்னிடம் சொல்லி நான் போய்ச் சொன்னால், இல்லை என்பதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைப்பார், சரி என்பதையும் அப்படித்தான் நினைப்பார்.

ராத்திரி சாக்ஸ் போட்டுக்கொண்டு படு, பாதம் வெடித்தால் எண்ணெய் தடவு. வெயில் இல்லாத ஊரில் போடச் சொன்ன வைட்டமின் மாத்திரையை விடாதே, உன்னிடமாவது நான் அதைக் கேட்கலாம் இல்லையா. பொடியில் உப்புக் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், சாப்பிடும்போது சேர்த்துக்கொள். கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், உன் காலில் நீ நின்று, நிறைவாக இருக்க வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் கும்பிடாத நாள் இல்லை. பிரேம்நாத் வேறு பெல்ட் வாங்கிவிட்டான், பழையது இன்னும் அப்பாவிடம்தான் இருக்கிறது, வீடியோவில் காட்டுவார், ஒன்றும் தெரியாத மாதிரி என்ன தரம் என்று கேள், சந்தோஷப்படுவார். பிறகு அந்த இன்னொன்றைக் கேட்பார். முதல் தடவையாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள். அப்போது திரையில் என் முகத்தைத் தேடாதே குழலி. நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
உன் அம்மா
பாக்யலட்சுமி